விமான தூரமும் பயண நேரமும்: கேள்வி பதில்

(விமானங்களுக்குப் பாதை போட்டு எரிபொருள் கணக்குக் கொடுக்கும் டிஸ்பாட்சர் வேலை பார்த்தவன் நான். டிக்கெட், விசா என் துறை இல்லை.)

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5,540 கிலோமீட்டர். போகும்போது 8 மணி நேரம், திரும்பும்போது 7 மணி நேரம்கூட இல்லை. ஏன் சார்?

பதில்: காற்றுதான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். விமானம் 900-ல் பறக்கிறது என்றால் பின்காற்றில் தரைவேகம், அதாவது தரையை வைத்துப் பார்க்கிற வேகம், 1,100, எதிர்காற்றில் 700. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைவேகம் 1,300-ஐத் தாண்டியது. உடனே ஒலியை மிஞ்சியதா என்று கேட்காதீர்கள். சுற்றியிருந்த காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

கேள்வி: இரவு 10-க்கு ஏறி காலை 6-க்கு இறங்கினேன். 8 மணி நேரம்தானே?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

கேள்வி: டோக்கியோ–நியூயார்க் விமானம் ஏன் அலாஸ்கா பக்கம் சுற்றுகிறது?

பதில்: சுற்றவில்லை. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள், தானாக வடக்கே ஏறும். இணையதளங்கள் காட்டும் தூரம் அந்த நூலின் நீளம்தான். நிஜப் பாதை அதைவிட நீளும். ஹெல்சிங்கி–டோக்கியோ 9 மணி நேரமாக இருந்தது, 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடியதும் 13 ஆனது. நூல் அதே நூல்தான்.

கேள்வி: பூமி கிழக்கே சுழல்கிறது. மேற்கே போகும் விமானம்தானே சீக்கிரம் சேர வேண்டும்?

பதில்: காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

அதே தம்பி: ஹெலிகாப்டர் 6 மணி நேரம் அந்தரத்தில் நின்றால்?

பதில்: ஏறிய இடத்திலேயே இறங்கும். எரிபொருள்தான் தண்டம்.

இன்னொருவர்: அப்படியானால் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் தம்பி சொல்கிற விதத்தில் இல்லை. வெப்ப மண்டலத்திலிருந்து துருவம் நோக்கிப் போகிற காற்றைச் சுழற்சிதான் கிழக்கே திருப்புகிறது. ஜெட் ஸ்ட்ரீம் பிறப்பதே அப்படித்தான். ஆக, சுழற்சியால் லாபம் கிழக்கே போகிறவனுக்கு.

கேள்வி: 700 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் 47 நிமிடம். டிக்கெட்டில் 1 மணி 25 நிமிடம் போட்டிருக்கிறது. ஏமாற்றா?

பதில்: அது பிளாக் டைம். நிற்குமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் வைக்கும். தோராயமாக வேண்டுமா? தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் மாலை கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலையில் இறங்கினேன்...

பதில்: யுடிசி! மேலே படியுங்கள் ஐயா.

கேள்வி: எந்த நாளில் டிக்கெட் மலிவு?

பதில்: முதல் வரியைப் பாருங்கள்.

அதே தம்பி: சரி சார், பலூன் என்றால்?

பதில்: 1999-ல் இருவர் பலூனில் எங்கும் இறங்காமல் உலகத்தைச் சுற்றினார்கள். 19 நாளுக்கு மேல் ஆனது. போனது கிழக்கே, தம்பி.