வீடு வாங்குவோரும் தரகரும்: கேள்வி பதில்

வீடு வாங்கும்போது தரகரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகள் தரகராக இருந்து, பின்னர் வாங்குவோர் சார்பில் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தவன் என்பதால், இரு தரப்பின் வழக்கங்களையும் நேரில் அறிவேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு வீடு காட்டிவரும் தரகர் மிகவும் அன்பாகப் பழகுகிறார். எங்களால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்று கேட்கிறார். சொல்லலாமா?

அதற்கு முன் நீங்கள் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: "இந்த வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள், உங்களுக்குத் தரகு தருபவர் யார்?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான், அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை முடிவு செய்யும். தரகர் விற்பவருக்காக வேலை செய்பவராக இருக்கலாம், உங்களுக்காக மட்டும் வேலை செய்பவராக இருக்கலாம், இரு தரப்புக்கும் நடுவில் நின்று இருவரிடமும் தரகு வாங்குபவராகவும் இருக்கலாம். நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபடும். இங்கிலாந்தில் வீட்டைக் காட்டும் முகவர் பெரும்பாலும் விற்பவர் அமர்த்தியவர். இந்தியாவில் ஒரே தரகர் இரு பக்கமும் தரகு பெறுவது சகஜம். அமெரிக்காவில் தரகர்களின் தேசியச் சங்கம் செய்துகொண்ட வழக்குச் சமரசத்தின் விளைவாக, 2024 ஆகஸ்ட் முதல், வாங்குபவருக்காக வேலை செய்யும் முகவர் அவரை வீடு பார்க்க அழைத்துச் செல்லும் முன்பே, தரகு எவ்வளவு என்பதைக் குறிப்பிட்டு எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறை வந்திருக்கிறது.

அவர் விற்பவரின் ஆள் என்றால், நீங்கள் சொல்லும் உச்சத் தொகை விற்பவரின் காதுக்குப் போகும். அதை அவருடைய வஞ்சகம் என்று நினைக்க வேண்டாம், அது அவருடைய கடமை. தேடலுக்குத் தேவையான விலை வரம்பை மட்டும் சொல்லுங்கள். வங்கி உங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கும் கடன் தொகை முழுவதையும் சொல்லாதீர்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் அவசரத்தைச் சொல்லாதீர்கள். "அடுத்த மாதம் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும்" என்று ஒருவர் காரில் போகும்போது பேச்சுவாக்கில் சொன்ன பிறகு, அந்த வீட்டின் விலை ஒரு பைசாகூடக் குறையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தரகு விலையில் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், விலை ஏற ஏறத் தரகருக்கு லாபம் என்கிறார்கள். அப்படியானால் அவர் விலையை ஏற்றத்தானே பார்ப்பார்?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக வரும். விலை 100 என்றும் தரகு 2 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேரம் பேசி விலையை 95-க்குக் கொண்டுவந்தால் உங்களுக்கு 5 மிச்சம். தரகருக்கோ 2 என்பது 1.9 ஆகிறது, அவ்வளவுதான். ஆகவே விலை சற்று ஏறுவதிலோ இறங்குவதிலோ அவருக்குப் பெரிய அக்கறை இருக்க முடியாது. வியாபாரம் முடிய வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே அவருடைய அக்கறை.

பொருளியல் அறிஞர்களான ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகாகோ வட்டாரத்து வீட்டு விற்பனைகளை ஒப்பிட்டபோது, தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கையில் வாடிக்கையாளர் வீட்டை விற்பதைக் காட்டிலும் சராசரியாக 9 நாட்களுக்கு மேல் கூடுதலாகக் காத்திருந்து, ஏறக்குறைய 3.7 விழுக்காடு அதிக விலை பெற்றிருந்தார்கள். தன் பணம் என்றால் பொறுமை வருகிறது, பிறர் பணம் என்றால் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்கும் பக்கத்துக்கும் இதே இயல்பு பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்: "இந்த விலைக்கு எடுத்துவிடுங்கள்" என்று உங்கள் தரகர் சொல்லும்போது, அது விலையைப் பற்றிய கருத்தா, முடித்துவிடும் விருப்பமா என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே பகுதியில் அண்மையில் கைமாறிய, இதே அளவுள்ள மூன்று நான்கு வீடுகளின் உண்மையான கிரய விலையைக் கேளுங்கள். விளம்பரத்தில் போட்ட விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். விவரம் தரும் தரகர் விலையைப் பற்றிப் பேசுகிறார் என்று கொள்ளலாம்.

கேள்வி: எனக்காக மட்டும் வேலை செய்ய ஒரு முகவரை அமர்த்தப் போகிறேன். ஒப்பந்தத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

காலம் எவ்வளவு, எந்தப் பகுதி, தரகு எவ்வளவு, அதை யார் எப்போது தருவது, பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது, இவை எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதக் கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொள்வதைவிட, முதலில் குறுகிய காலத்துக்கு ஒப்புக்கொண்டு, வேலை பிடித்தால் நீட்டிப்பது நல்லது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர் முன்பு காட்டிய வீட்டை வாங்கினால் தரகு தர வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும், அது நியாயமானதே. ஆனால் எந்தெந்த வீடுகள் என்ற பட்டியலும், எத்தனை நாள் வரை என்ற வரம்பும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவரே விற்பவருக்கும் முகவராக இருக்கும் வீடு வந்தால் என்ன செய்வார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஒரே வீட்டை இரண்டு தரகர்கள் காட்டினார்கள். இப்போது இருவரும் தரகு கேட்கிறார்கள்.

பொதுவாக, வீட்டை முதலில் அறிமுகம் செய்து, பேச்சை முடிவு வரை நடத்தியவருக்கே தரகு உரியது. இருவரிடமும் உண்மையைச் சொல்லி, அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரட்டைத் தரகுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இனிமேல் ஒரு வீட்டைப் பார்க்கப் போகும் முன், "இந்த முகவரியை நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள்" என்றோ, "இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்" என்றோ ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: "இன்னொரு பார்ட்டி இன்று மாலை அட்வான்ஸ் கொடுக்க வருகிறார்" என்று சொல்லி அவசரப்படுத்துகிறார். உண்மையாக இருந்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமே?

உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையோ பொய்யோ, உங்கள் பதில் மாறக்கூடாது. பத்திர நகல்களைப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே விற்க விரும்புபவர் நகல்களை அன்று மாலைக்குள்ளேயே அனுப்பிவிடுவார். வீட்டைப் பிடித்து வைக்க ஒரு சிறு தொகை தந்தே ஆக வேண்டும் என்றால், அதை உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தி, "உரிமையில் குறை தெரிந்தாலோ, வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று எழுதிய ரசீதில் உரிமையாளரிடம் கையொப்பம் பெறுங்கள். தரகரின் கையில் ரொக்கமாகத் தராதீர்கள்.

கேள்வி: வீடு பார்க்கும்போது தரகர் பேசிக்கொண்டே இருக்கிறார். நாங்கள் எதைக் கவனிப்பது என்றே தெரியவில்லை.

பத்து நிமிடம் தனியாகப் பார்க்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரு சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுச் சுண்ணமோ பெயின்ட்டோ அடித்திருந்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள். ஈரம் ஏறிய சுவரில் பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பியிருக்கும், தேய்த்தால் விரலில் வெள்ளை உப்புத்தூள் ஒட்டும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் எந்த அறையில் வருகிறதோ அந்த அறையில், அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், கசிவு முதலில் தெரியும் இடம் அதுதான். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, நீரின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். அளவு நாடா கொண்டுபோய், சுவருக்குச் சுவர் உள்ளளவை நீங்களே எடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் பரப்பளவில் மாடிப்படி, பொது நடைவழி, சுவர்க் கனம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். சதுர அடி விலையை ஒப்பிடும்போது இரண்டு வீடுகளுக்கும் ஒரே வகைப் பரப்பளவை எடுத்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

பிடித்த வீட்டை வேறொரு நேரத்தில் மறுபடியும் பாருங்கள். பகலில் அமைதியாக இருக்கும் தெரு இரவில் எப்படி இருக்கிறது என்பதைத் தரகர் சொல்ல மாட்டார், எதிர்வீட்டுக்காரர் சொல்வார்.

கேள்வி: "வக்கீலையும் இன்ஜினியரையும் நானே ஏற்பாடு செய்கிறேன், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிறார்.

வேண்டாம். வியாபாரம் முடிந்தால்தான் பணம் என்ற நிலையில் உள்ளவர் அழைத்துவரும் பரிசோதகர், வியாபாரத்தை நிறுத்தும் குறையைச் சொல்லத் தயங்குவார். உங்கள் ஆளை நீங்களே தேடி, நீங்களே பணம் கொடுங்கள்.

கேள்வி: பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம், எல்லோரும் செய்வதுதான் என்கிறார் தரகர். செய்யலாமா?

செய்யவே கூடாது. இது சட்டமீறல் என்பது முதற்காரணம். வாங்குபவருக்கு இதில் உள்ள நட்டத்தையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வங்கி பத்திர விலையைப் பார்த்தே கடனைத் தீர்மானிக்கும் என்பதால், மீதியை நீங்கள் ரொக்கமாகத் திரட்ட வேண்டியிருக்கும். பின்னாளில் பரிவர்த்தனை ரத்தானாலோ உரிமையில் வழக்கு வந்தாலோ, பத்திரத்தில் இல்லாத பணத்தைக் கொடுத்ததாக நிரூபிக்க முடியாது. நாளை அந்த வீட்டை விற்கும்போது, உங்கள் கொள்முதல் விலை குறைவாகப் பதிவாகியிருப்பதால், ஆதாயத்தின் மீதான வரி உங்கள் தலையில்தான் கூடுதலாக விழும். இதில் விற்பவருக்கும் மிச்சம் உண்டு, ஆனால் இந்த அபாயங்கள் எல்லாம் உங்களுக்கு. இந்த யோசனையைச் சொல்லும் தரகரின் மற்ற வார்த்தைகளையும் நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: தரகரே இல்லாமல் வாங்கினால் தரகு மிச்சம்தானே?

விற்பவரும் அதே தரகை மிச்சப்படுத்தவே நேரடியாக விற்கிறார் என்பதால், அந்த மிச்சம் முழுவதும் உங்களுக்கு வராது. வீடு தேடவும், அக்கம்பக்கத்து விலையைத் திரட்டவும், முரண்டு பிடிக்கும் விற்பவரிடம் பொறுமையாகப் பேசவும் உங்களுக்கு நேரமும் மனமும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். நல்ல தரகர்களை நான் மிகவும் மதிக்கிறேன். "இந்த வீடு உங்களுக்கு வேண்டாம், படிக்கட்டு உங்கள் அம்மாவால் ஏற முடியாது" என்று தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்குத் தரும் தரகு வீண் செலவு ஆகாது.

கேள்வி: தரகை எப்போது கொடுப்பது? விற்பவருக்கு முன்பணம் கொடுத்த அன்றே பாதி கேட்கிறார்.

பத்திரப் பதிவு முடிந்த அன்று கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். இடையில் கேட்டால், பதிவு நடக்காவிட்டால் திருப்பித் தருவதாக எழுதித் தருகிறாரா என்று கேளுங்கள். பதிவு முடிந்ததும் தாமதிக்காமல், பேசிய தொகையைக் குறைக்காமல், வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு தரகில் பேரம் பேசுவது நியாயமில்லை.