கேள்வி - பதில்: ஏரிக்குக் கீழே மனை

கேள்வி: எங்கள் ஊர் செங்கல்பட்டு பக்கம். இந்த வருஷமும் ஏரி நிரம்பிவிட்டது, ஆனால் கீழே பாதி நிலம் கரம்பாகக் கிடக்கிறது. தண்ணீர் இருந்தும் ஏன் யாரும் நடவு செய்வதில்லை? - ஒரு வாசகி

பதில்: ஏரியில் தண்ணீர் இருப்பது வேறு, அது வயலுக்கு வந்து சேருவது வேறு. மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியாக ஒவ்வொரு வயலாகத் தாண்டித்தான் கடைமடைக்குப் போகும். நடுவில் ஒருவர் இரண்டு ஏக்கரை விற்கிறார், வாங்கியவர் கிராவல் கொட்டி மேடாக்கி, வெள்ளையடித்த கல் நட்டு, கம்பி வேலி போட்டுவிடுகிறார், வாய்க்கால் அந்த இடத்தோடு நின்றுபோகிறது. அதற்குக் கீழே இருப்பவருக்கு விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கிடையாது. இரண்டு மூன்று வருஷம் சும்மா கிடந்தால் சீமைக்கருவேலம் மண்டிவிடும், அப்புறம் தரகர் வந்து "தரிசுதானே, எதுக்கு வச்சிருக்கீங்க" என்பார். தரிசானதால் விற்றார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், பல ஊர்களில் பக்கத்து நிலத்தை விற்றதால்தான் இது தரிசானது.

ஆளும் இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் பெருகின, பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரத்துக் கால்வாயைத் தூர்வாரவும் மதகைப் பார்த்துக்கொள்ளவும் ஊரில் ஆள் இல்லாமல் போய்விட்டது. பாசனம் பெறுகிறவர் இருக்கும்வரைதான் ஏரிக்குக் காவல்.

சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க அரசாணை வந்தது, அரக்கோணம் வரை அதில் அடக்கம். இன்னும் நாற்று நடுகிற ஊர்கள் அதில் நிறைய இருக்கின்றன. என்னைக் கேட்டால், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருமுன் அந்த ஏரியின் வாய்க்கால் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: நிலத்துக்கு விலை ஏறினால் கிராமத்து மக்களுக்கு நல்லதுதானே? - கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு நல்லது. மகள் கல்யாணம், கடன், மருத்துவச் செலவு என்று விற்கிறவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவருக்கும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களுக்கும் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் வராது. நெல் போனால் வைக்கோலும் போகும், மேய்க்கால் புறம்போக்கில் கட்டடம் வந்துவிட்டால் மாடு எங்கே மேயும்? தீவனத்தை விலைக்கு வாங்கி எத்தனை நாள் கட்டுப்படியாகும், கடைசியில் மாட்டையும் விற்றுவிடுகிறார்கள். இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை. தண்ணீரும் அப்படித்தான். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் தெரியும், புறநகர் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகப் போனதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

கேள்வி: அங்கீகரிக்கப்பட்ட மனை, பட்டா சுத்தம் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? - வாசகர், வேளச்சேரி

பதில்: நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதைத்தான் பட்டா காட்டும். தண்ணீர் பட்டாவைப் பார்த்து வருவதில்லை. ஏரிப்பாசன வயல் எப்போதும் கரைக்குக் கீழே, தாழ்வாகத்தான் இருக்கும், அப்போதுதான் தண்ணீர் தானாகப் பாயும். அங்கே வீடு கட்டினால் மழைக்காலத்தில் அதே தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டும்: கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு. இந்த வழியெல்லாம் எவ்வளவு குறுகிவிட்டது என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளங்களைக் காக்க 2007-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் ஏரியின் எல்லைக்கு வெளியே இருக்கிற பட்டா வயலுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

முன்பணம் கொடுக்குமுன் கிராம வரைபடத்தையும், அந்த நிலத்தின் அளவும் எல்லையும் காட்டுகிற புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் நேரில் போங்கள், மனை விற்கிற ஆளை விட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கலங்கல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். அவர் கை காட்டுகிற திசையில் உங்கள் மனை இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.