அட்டையில் யார் நிற்பது?

கேள்வி: நானும் என் தம்பியும் ஒரு வீடியோ கேம் செய்துவருகிறோம். தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளர்கள் செய்த 1913 வேலைநிறுத்தம்தான் கதை. ஜோகனஸ்பர்க்கிலிருந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் ஒரு தமிழ்ப் பெண்ணாகத்தான் ஆட வேண்டும். கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்கப்போகிறோம். விளம்பரத்துக்கு 20,000 ராண்ட் தருவதாகச் சொன்ன மாமா, “பொம்பளை படம் போட்டா பையன்கள் வாங்கமாட்டாங்க. ஒரு சுரங்கத் தொழிலாளியை முன்னால நிறுத்து, அவளைப் பின்னால சின்னதா போடு” என்கிறார். அவர் சொல்வது வியாபார உண்மையா? அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உங்கள் மாமா சொல்வது கேம் வியாபாரத்தில் பல காலமாக ஓடும் பேச்சு. அதற்குப் புள்ளிவிவரமும் காட்டுவார்கள். 2012இல் ஈடார் என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வு நிறுவனம், முக்கியப் பாத்திரம் ஆணா பெண்ணா என்று தெரியும்படி இருந்த 669 கேம்களை எடுத்துப் பார்த்தது. பெண்ணை மட்டுமே நாயகியாகக் கொண்டவை அவற்றில் 24. நாயகன் கேம்கள் கூடுதலாக விற்றிருந்தன, அது உண்மைதான். ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாயகி கேம்களுக்கு ஒதுக்கிய விளம்பரப் பணம், நாயகன் கேம்களுக்கு ஒதுக்கியதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். ஒரு பிள்ளைக்கு அரைவயிற்றுச் சோறு போட்டுவிட்டு, அது ஓட்டத்தில் பிந்தியதைக் காட்டி அடுத்த வேளையும் குறைப்பது போன்ற கணக்கு இது.

இந்த வழக்கம் ஆதியிலிருந்தே இருந்ததுமில்லை. எழுபதுகளின் கடைசியில் வந்த அட்டாரி விளம்பரங்களில் குடும்பமே உட்கார்ந்து ஆடும். 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்த பிறகு, கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே வேண்டாம் என்றார்கள். 1985இல் நின்டெண்டோ ஒரு சின்ன ரோபோவையும் பெட்டியில் சேர்த்து, பொம்மை என்று சொல்லி உள்ளே நுழைந்தது. பொம்மைக் கடையில் பையன்கள் பக்கம், பெண் பிள்ளைகள் பக்கம் என்று இரண்டு வரிசை உண்டு. கேம் பையன்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது, விளம்பரமும் அங்கேயே நின்றுவிட்டது. நம் வீடுகளில் கோல்டன் சைனா டிவி கேமை அக்கா தங்கை எல்லோரும்தான் ஆடினார்கள், ஆனால் அந்த விளம்பரங்களை எழுதியவர்கள் நம் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை.

இனி மாமாவின் யோசனையை ஏற்கெனவே செய்துபார்த்தவர்களைக் கவனிப்போம். 2013இல் வந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’ அட்டையில் துப்பாக்கியோடு ஆண் மட்டும் நின்றான். கதைக்கே உயிரான எலிசபெத் பின்னட்டைக்குப் போனாள். கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத கல்லூரி விடுதிப் பையன்களையும் எட்ட வேண்டும் என்று அதை உருவாக்கிய கென் லெவின் வெளிப்படையாகவே காரணம் சொன்னார். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், பிறகு திருப்பிப் போட்டுக்கொள்ளும் மாற்று அட்டை வந்தது. அதே ஆண்டு ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமுக்கும் அதன் முக்கியப் பெண் பாத்திரமான எல்லியைப் பின்னுக்குத் தள்ளும் யோசனை வந்தது. தயாரித்த நாட்டி டாக் நிறுவனம் மறுத்துவிட்டது. அந்தக் கேமை வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்கச் சந்தை ஆய்வுக்காரர்கள் ஆண்களை மட்டும்தான் கூப்பிட இருந்தார்கள், பெண்களையும் உட்காரவைக்க வேண்டும் என்று தயாரித்தவர்கள் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. இதை மாமாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆண்களை மட்டும் கேட்டு எடுத்த முடிவைத்தான் ‘சந்தை சொல்கிறது’ என்று இத்தனை காலம் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

‘மாஸ் எஃபெக்ட்’ இன்னும் தெளிவான உதாரணம். அதன் முக்கியப் பாத்திரமான ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம். முதல் இரண்டு பாகங்களின் அட்டையிலும் விளம்பரத்திலும் ஆண் மட்டும்தான். பெண்ணாக ஆடுபவர்கள் 18 சதவீதம் என்று தயாரித்த பயோவேர் நிறுவனம் 2011இல் சொன்னது. 2012இல் மூன்றாம் பாகத்துக்குப் பெண் ஷெப்பர்டை வைத்துத் தனி ட்ரெய்லரும் திருப்பிப் போடும் அட்டையும் வந்தன. 2021இல் மூன்று பாகங்களையும் சேர்த்து மறுபடி வெளியிட்டபோது, அந்த எண் 32 சதவீதமாக இருந்தது. இடையில் காலம் மாறியதும் காரணம்தான், விளம்பரம் மட்டும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 18 சதவீதத்தைக் காட்டி ‘பெண்ணை யாரும் விரும்புவதில்லை’ என்று தீர்ப்பெழுதியிருந்தால் அது எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்! 2017இல் ‘ஹொரைசன் ஸீரோ டான்’ கேம் அதன் நாயகி ஏலாயைத் தனியாக அட்டையில் நிறுத்தியது. 2021 முடிவதற்குள் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. 1996இல் ‘டூம் ரைடர்’ கேமின் நாயகி லாரா கிராஃப்ட் அட்டையின் நடுவில்தான் நின்றாள். விளம்பரத்துறை அவளைக் காட்டிய விதம் பிடிக்காமல், உருவாக்கிய டோபி கார்டே நிறுவனத்தை விட்டுப் போனார். ஆகவே எங்கே நிற்கிறாள் என்பதோடு, எப்படி நிற்கிறாள் என்பதையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஓவியரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேப் டவுனிலேயே அத்தாட்சி இருக்கிறது. க்யூ.சி.எஃப். டிசைன் குழு ‘டெஸ்க்டாப் டன்ஜன்ஸ்’ செய்தபோது, பெண் பாத்திரங்களும் ஆண்களைப் போலவே அழுக்கும் அசதியுமாக, வேலை பார்க்கிறவர்களாகத் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்தது. நல்லெண்ணம் உள்ள ஓவியர்கள்தான், ஆனாலும் கை பழைய அச்சுக்கே திரும்பத் திரும்பப் போனது, பலமுறை திருத்த வேண்டியிருந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எனவே ஓவியருக்கு ‘வலிமையான பெண்’ என்று ஒற்றை வரியில் குறிப்பு எழுதாதீர்கள். அதற்கு ஒவ்வொரு ஓவியருக்கும் ஒவ்வோர் அர்த்தம், பெரும்பாலும் இறுக்கமான உடையும் முறைப்பும்தான் வரும். அவள் அந்தக் கணத்தில் என்ன செய்கிறாள், கையில் என்ன, எந்தக் காலில் எடை, யாரைப் பார்க்கிறாள், வாய் திறந்திருக்கிறதா என்று எழுதுங்கள். உங்கள் கதைக்கு இது கஷ்டமே இல்லை. 1913 அக்டோபரில் ஜோகனஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களை வேலையை நிறுத்தச் சொன்னதில் பெண்கள்தான் முன்னின்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது, தூசி படிந்த பாதம், ஒரு கையில் குழந்தை, எதிரே விளக்குகளோடு ஆண்கள் நின்று கேட்கிறார்கள். இதைவிட நல்ல அட்டை சுரங்கத் தொழிலாளியைத் தனியாக நிறுத்தினால் கிடைக்காது. பார்க்கப்போனால் மாமாவின் தொழிலாளியும் இதில் இருக்கிறான், கேட்கிறவனாக.

முதல் கோட்டோவியம் வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அதே நிலையில், அதே வளைவோடு ஓர் ஆணை வரைந்து தரச் சொல்லுங்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தால் நிலையை மாற்றுங்கள். மார்பும் பின்புறமும் ஒரே சமயத்தில் தெரியும்படி இடுப்பைத் திருகி நிறுத்துவதுதான் அதிகம் வரும் கோளாறு. வண்ணம் பூசிய பிறகு திருத்தினால் காசு இரட்டிப்பாகும், இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிடுங்கள்.

ஸ்டீம் கேட்கும் படங்கள் பல அளவு. தலைப்புப் படம் 920க்கு 430 பிக்சல், முதன்மைப் படம் 1232க்கு 706, செங்குத்துப் படம் 748க்கு 896, சின்னப் படம் 462க்கு 174, நூலக அட்டை 600க்கு 900. ஒரே ஓவியத்தை வெட்டி எல்லாவற்றுக்கும் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அகலப் படத்தைச் செங்குத்தாக வெட்டும்போது யாரோ ஒருவர் வெளியே போவார், அது பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறவர். மாமா சொன்னபடி அவளைப் பின்னால் சின்னதாக வைத்தால் செங்குத்துப் படத்தில் அவள் இருக்கவே மாட்டாள். ஓவியரிடம் ஆட்களைத் தனி அடுக்காகவும் பின்னணியைத் தனி அடுக்காகவும் வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வோர் அளவுக்கும் இடம் மாற்றி அடுக்கலாம். சின்னப் படமோ சில பட்டியல்களில் 120க்கு 45 பிக்சலாகச் சுருங்கும். அதில் ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது, கேமின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், போதும். உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். 2022 செப்டம்பரிலிருந்து இந்தப் படங்களில் கேமின் ஓவியமும் பெயரும் தவிர, விருது, பாராட்டு, தள்ளுபடி என்று எந்த எழுத்தும் இருக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து, மாமாவோடு வாதம் செய்யாமல் அவர் பணத்தில் ஒரு பங்கை வைத்துச் சோதித்துப் பார்ப்பது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 20,000இல் 4,000 ராண்டை ஒதுக்குங்கள். இரண்டு படம்: அவள் முன்னால் நிற்பது ஒன்று, தொழிலாளி முன்னால் நிற்பது ஒன்று. ஒரே ஓவியர், ஒரே வெளிச்சம், ஒரே வாசகம். ஒன்று இருட்டாகவும் மற்றது பளிச்சென்றும் இருந்தால் நீங்கள் அளப்பது வெளிச்சத்தைத்தான். இரண்டையும் ஒரே விளம்பரத் தொகுப்பில் போட்டு, எது நன்றாக ஓடுகிறதோ அதைக் காட்டு என்று விட்டுவிடவும் கூடாது. படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தே ஃபேஸ்புக் அதை ஆண்களுக்கா பெண்களுக்கா கூடுதலாகக் காட்டுவது என்று ஒருபக்கம் சாய்கிறது என 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். அப்படி இரண்டு படமும் வேறு வேறு ஆட்களிடம் போனால் ஒப்பிட்டுப் பயனில்லை. நான்கு தொகுப்பாகப் பிரியுங்கள்: முதல் படம் ஆண்களுக்கு, முதல் படம் பெண்களுக்கு, இரண்டாவது ஆண்களுக்கு, இரண்டாவது பெண்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் 1,000 ராண்ட், ஒரே நாடுகள், ஒரே வயது, வாரக்கடைசியும் அடங்கும்படி ஏழு நாள். ஆட்களைத் தானாக விரிவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது உங்கள் பிரிப்பையே கலைத்துவிடும்.

கிளிக்கை எண்ணாதீர்கள், விஷ்லிஸ்டை எண்ணுங்கள், அதாவது பிறகு வாங்கலாம் என்று ஸ்டீமில் குறித்துவைக்கும் பட்டியலில் எத்தனை பேர் போட்டார்கள் என்பதை. ஒவ்வொரு தொகுப்பின் இணைப்பிலும் தனித்தனி யு.டி.எம். குறி (ஆள் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் அடையாளம்) சேர்த்தால், எந்தப் படத்திலிருந்து வந்தவர்கள் விஷ்லிஸ்டில் போட்டார்கள் என்று ஸ்டீமே காட்டும். விளம்பரத்தைக் கணினியில் பார்ப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் பலர் ஸ்டீமில் உள்நுழைந்திருக்க மாட்டார்கள், அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

எண்களைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் 2,000 பேருக்குக் காட்டி, அவள் படத்துக்கு 40 கிளிக், தொழிலாளி படத்துக்கு 50 என்று வந்தால் மாமா கைதட்டுவார், ஆனால் அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே அடிக்கடி வரும். 2 சதவீதத்துக்கும் இரண்டரை சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் ஏறக்குறைய 14,000 முறை காட்டியிருக்க வேண்டும். விஷ்லிஸ்ட் அதைவிட அரிதாக விழும், ஆகவே சிறிய வித்தியாசத்தை ‘சமம்’ என்றே வாசியுங்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே மாமாவோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சு ஆண்களைப் பற்றியதுதானே? அவர் பார்க்க வேண்டியது ஆண்களுக்குப் போன இரண்டு தொகுப்புகளை. பெண்களுக்குப் போன இரண்டும் அவர் கணக்கிலேயே எடுக்காத வாடிக்கையாளர்கள்.

தொழிலாளி படம் நிஜமாகவே ஜெயித்தால்? அப்போதும் எங்கள் யோசனை, அவனை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி அவளை முன்னாலேயே வைப்பதுதான். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கலாம். சுரங்கத் தொழிலாளியாக ஆடலாம் என்று நம்பி வாங்கியவன், முதல் பத்து நிமிடத்திலேயே அது இல்லை என்று கண்டுபிடித்துவிடுவான். போன காசோடு ஒரு கசப்பான விமர்சனத்தையும் பக்கத்தில் விட்டுப்போவான்.

ட்ரெய்லருக்கும் இதே கண். முதல் ஐந்து வினாடியில் அவள் ஏதாவது செய்ய வேண்டும்: கதவைத் தட்டட்டும், பேசட்டும், ஓடட்டும். காற்றில் கூந்தல் பறப்பதை மெதுவாகக் காட்டி, சண்டையெல்லாம் ஆண்கள் செய்தால் அவள் ஆடப்படும் பாத்திரம் என்றே பார்ப்பவருக்குத் தெரியாது.

விளம்பரத்தைத் தென்னாப்பிரிக்காவில் ஓட்டினால், 2018இலிருந்து இங்கே செயல்படும் விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளில் பாலினத்துக்கென்றே ஒரு பிரிவு இருப்பதையும் மாமாவுக்குக் காட்டலாம். நியாயமான காரணம் இல்லாமல் ஆண் பெண் என்ற அச்சில் அடைத்துக் காட்டுவதை அது அனுமதிப்பதில்லை, பொதுமக்கள் யாரும் கட்டணமின்றிப் புகார் தரலாம். உங்கள் அட்டைக்கு அந்தப் பயம் வேண்டாம். மாமாவுக்குத் தெரிந்த யாராவது ‘கொஞ்சம் கவர்ச்சியா போடு’ என்று கிளம்பினால் பயன்படும்.

வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் ‘விரைவில்’ பக்கத்தை ஸ்டீமில் திறந்தே ஆக வேண்டும். நீங்கள் மூன்று மாதம் முன்னாலேயே திறங்கள், சோதனையை முதல் மாதத்தில் முடித்துவிடுங்கள். படத்தை மாற்ற வேண்டிவந்தாலும் ஓவியருக்கு அவகாசம் இருக்கும், மீதி 16,000 ராண்டும் வெளியீட்டு வாரத்துக்கு முழுசாக நிற்கும்.