நிறம் பார்க்கும் தொழிலுக்கு எந்த மானிட்டர்?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் செய்து கொடுக்கிறேன். 24 அங்குல மானிட்டர் வாங்கக் கோவை காந்திபுரத்தில் விசாரித்தபோது, "டிஎன் பேனலே போதும், ஐபிஎஸ்ஸுக்கு எதற்குக் கூடுதல் பணம்?" என்றார்கள். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், அவிநாசி

பதில்: டிஎன், ஐபிஎஸ் இரண்டும் எல்சிடி திரைக்குள் இருக்கும் பேனலின் வகைகள். உங்கள் தொழிலுக்கு ஐபிஎஸ்தான் சரி. டிஎன் பேனலில், இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே 90 டிகிரி முறுக்காக அடுக்கப்பட்டிருக்கும் திரவப் படிக மூலக்கூறுகள் மின்னழுத்தம் கிடைத்ததும் நிமிர்ந்து நிற்பதால், பார்க்கும் கோணம் சற்று மாறினாலே வெளிச்சமும் நிறமும் மாறிவிடுகின்றன. கீழிருந்து பார்த்தால் இருண்ட பகுதிகளும் வெளிச்சமான பகுதிகளும் இடம் மாறியதுபோல் தெரிவதும் உண்டு. 1996இல் ஹிட்டாச்சி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ் முறையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகவே திரும்புகின்றன. ஆகவே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நீங்களும், உங்கள் பின்னால் நின்று பார்க்கும் மெர்ச்சண்டைசரும் (கம்பெனியில் ஆர்டரைக் கவனிப்பவர்) ஏறக்குறைய ஒரே நிறத்தைக் காண்பீர்கள். ஆளுக்கொரு நிறம் காட்டும் திரையை வைத்து டிசைனுக்கு ஒப்புதல் வாங்குவது, பிறகு துணியில் நஷ்டமாகத்தான் வந்து முடியும்.

விஏ என்ற மூன்றாவது வகையும் மலிவாகக் கிடைக்கிறது. அதன் கருப்பு மிக ஆழமானது. ஐபிஎஸ்ஸில் ஒளிர்வு வேறுபாடு, அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 1000:1 என்றால், இதில் 3000:1 வரை வரும். சினிமா பார்க்க நல்லது, ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளிறும் என்பதால் உங்களுக்கு உதவாது.

ஐபிஎஸ் என்ற பெயரை மட்டும் நம்பியும் வாங்கிவிடாதீர்கள். விலையைக் குறைப்பதற்காக, ஒவ்வொரு முதன்மை நிறத்திலும் 256 படிகளுக்குப் பதிலாக 64 படிகளை மட்டுமே காட்டி, இடைப்பட்ட சாயல்களைப் புள்ளிகளை வேகமாக மாற்றி மாற்றி ஒளிரச் செய்து உருவாக்கும் ஆறு பிட் பேனல்கள் இந்த வகையிலும் இருக்கின்றன. 256 படிகளையும் காட்டும் எட்டு பிட் பேனலா, கணினித் திரைகளுக்கான பொதுத் தரமான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பை ஏறத்தாழ முழுமையாகக் காட்டுகிறதா என்று விவரத்தாளில் பாருங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'எல்இடி' பின்னொளியை மட்டுமே குறிக்கும். பேனல் எந்த வகை என்று அது சொல்லாது. இருண்ட அறையில் ஐபிஎஸ் திரையின் மூலைகளில் மங்கலான ஒளிப்படலம் தெரிவது இயல்பு, அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

உங்கள் டிசைன்களில் வெளிர் சாயல்கள் நிறைந்த ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று கடையிலேயே திறந்து, அமர்ந்தும் நின்றும் பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள். எந்த மானிட்டரை வாங்கினாலும், பையருக்கு அனுப்பும் இறுதி ஷேடை அச்சிட்ட துணியை லைட் பாக்ஸில் (நிலையான விளக்கொளியில் நிறம் பார்க்கும் பெட்டி) வைத்தே முடிவு செய்யுங்கள்.