கார் கதவு பேனலை உடைக்காமல் கழற்றி ஸ்பீக்கர் மாட்டுவது எப்படி?

புதுச்சேரியில் இருக்கிறீர்கள், கதவு பேனலை நாமே கழற்றிப் புது ஸ்பீக்கர் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

பேனலில் கை வைப்பதற்கு முன் எல்லா ஸ்க்ரூவையும் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் கைப்பிடிக் குழியிலும், கதவு திறக்கும் லீவருக்குப் பின்னால் சின்ன மூடிக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அப்புறம் பிளாஸ்டிக் நெம்பியைக் கீழ் ஓரத்தில் நுழைத்து, பேனலைக் கதவோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். 'டப்' என்று விடும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது பெயின்டைக் கீறினால் நம் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த இடம் போதும், துரு பிடித்துவிடும். கிளிப்புகள் விட்டதும் பேனலை மேலே தூக்குங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். பவர் விண்டோ வயரும் லீவர் கேபிளும் பின்னால் மாட்டியிருக்கும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பலர் கிழித்து எறிகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுவது இயல்பு. அது பேனலை ஊறவைக்காமல், காருக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். ஐப்பசி மழையில் கால்மிதி நனையும்போதுதான் அதன் அருமை தெரியும். மெதுவாகப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுப்பட்டை) போடுங்கள்.

ஸ்பீக்கர் வாங்குமுன் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கர் துளையிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள காந்தம் கண்ணாடியில் இடித்தால், ஸ்பீக்கரைச் சற்று முன்னால் தள்ளி வைக்கும் ஸ்பேசர் வளையம் தேவைப்படும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ப்ளஸ், மைனஸ் மாறினால் பாஸ் (அடித்தொண்டை போன்ற கனத்த ஒலி) மெலிந்துவிடும். எனவே பேனலை மூடுமுன் எல்லா வயரையும் மாட்டி, பேட்டரியை இணைத்து, பாட்டுப் போட்டுக் கேளுங்கள்.