கோடையில் வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்பும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, ஜூலையில் மாநாடு, முதல் வெளிநாட்டுப் பயணம், எதிலிருந்து தொடங்குவது?

விசாவிலிருந்து. டிக்கெட் விலை ஏறுகிறதே என்று எல்லோரும் பதறுவார்கள். ஆனால் கோடையில் முதலில் தீர்ந்துபோவது விசா அப்பாயின்ட்மென்ட்தான். சுற்றுலா போகிறவர்களும் படிக்கப் போகிறவர்களும் அதே வாரங்களில்தான் வரிசைக்கு வருகிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள் ஆகும், இழுத்தால் 45 நாள் வரை போகும். ஆகவே ஜூலை மாநாட்டுக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பம் போய்விட்டால் நிம்மதி.

அதற்கு முன் அழைப்புக் கடிதம் கைக்கு வர வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டிய பிறகே பல மாநாடுகள் அதைத் தரும், எனவே விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்பதைக் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், மாநாட்டின் தேதிகள், இடம், கட்டுரைத் தலைப்பு, செலவு யாருடையது ஆகியவையும் இருக்கட்டும். கட்டுரையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று பெயர் இருப்பவர்கள் பதிவுப் படிவத்திலேயே பாஸ்போர்ட் பெயரைக் கொடுப்பது நல்லது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பிய பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. மாநாடு 4 நாள், பிறகு பக்கத்து நாட்டில் 6 நாள் சுற்றல் என்று திட்டம் போட்டால், எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்ற குழப்பம் வரும். அதிக நாள் தங்கும் நாடும் பயணத்தின் நோக்கமும் கணக்கில் வரும். சுற்றலை மாநாட்டைவிடச் சிறியதாக வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் நடுவே லண்டன் போய்த் திரும்பவும் முடியாது, பிரிட்டன் ஷெங்கனில் இல்லை.

டிக்கெட்டை முழுப் பயணத்துக்கும் ஒரே முன்பதிவாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. நடுவே பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க, விமானம் மாறும் நாட்டின் ட்ரான்ஸிட் விசாவும் தேவைப்படலாம். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் விமானங்களைக் கலைக்கும் என்பதால் காலை விமானம் மேல். முதல் நாளே உரை இருந்தால் இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள், நேர வித்தியாசம் அதிகமான கிழக்கு நோக்கிய பயணம் என்றால் கட்டாயம்.

ஆய்வைப் பலகையில் ஒட்டிக் காட்டும் போஸ்டர் விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஏ0 என்ற தாள் அளவு 841 x 1189 மி.மீ. பலகை ஒரு மீட்டர் அகலம்தான் என்றால் நெடுக்கு போஸ்டர் அடங்கும், கிடைமட்டமாக அச்சிட்டது இருபுறமும் துருத்திக்கொண்டு பக்கத்துப் பலகைக்காரரோடு சண்டைக்கு நிற்கும். ஏற்பாட்டாளர்கள் சொன்ன அளவைப் பார்த்துவிட்டு வடிவமைப்பைத் தொடங்குங்கள். முடிந்தால் துணியில் அச்சிடுங்கள். காகித போஸ்டர் வைத்த குழாயைக் கோடையின் நிரம்பிய விமானத்தில் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிட வாய்ப்பு உண்டு; துணி போஸ்டரை உடைகளோடு சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துவிடலாம்.

அதே நிரம்பிய விமானத்தில் கைப்பையையே வாசலில் வாங்கிக்கொண்டால், கொடுக்கும் முன் பவர் பேங்கை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி லித்தியம் பேட்டரி சரக்கு அறைக்குப் போகக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-அவர். 20,000 எம்ஏஎச் உள்ளது ஏறக்குறைய 74 வாட்-அவர், கவலையில்லை. எழுத்து அழிந்து அளவு தெரியாத பவர் பேங்க்கைப் பறிமுதல் செய்யலாம்.

சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் பிளக் வடிவத்துக்கான அடாப்டர் மட்டும் போதும். உரைக்கு, லேப்டாப்பின் டைப்-சியை புரொஜெக்டரின் எச்டிஎம்ஐயோடு சேர்க்கும் இணைப்பியை நீங்களே கொண்டுபோங்கள்; ஸ்லைடுகளின் பிடிஎஃப் பிரதி பென் டிரைவில் இருக்கட்டும், காணொளி இருந்தால் அதைத் தனிக் கோப்பாகவும்.

உடை? ஜூலை என்றால் எங்கும் வெயில் என்று நினைத்துவிடாதீர்கள், ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். வடகோளத்தில் வெளியே கொளுத்தும், அரங்குக்குள் ஏசி நடுக்கும். ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். தங்குமிடம் மாணவர் விடுதி என்றால் ஏசி உண்டா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஐரோப்பாவில் பல பழைய கட்டடங்களில் இருக்காது. ஸ்டாக்ஹோம் போன்ற ஊரில் ஜூன் கடைசியில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும், விடியற்காலை மூன்றரைக்கே வெளிச்சம் வந்துவிடும். கண்மூடி ஒன்று பையில் இருக்கட்டும்.

மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். ஜலதோஷ மாத்திரைக்கும் விதி உண்டு: மூக்கடைப்பு மருந்தான சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் எடுத்துச் செல்ல முடியாது.

பெட்டி வந்து சேராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதத்துக்கான இழப்பீட்டைப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், சேதத்துக்கு 7 நாள்தான்.

கார்டு இயந்திரம் உங்கள் நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசம். ரசீதுகளை அன்றன்றே படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த ரசீது வெயிலில் கிடந்தால் எழுத்து தெரியாமல் போய்விடும், பிறகு செலவைத் திரும்பக் கேட்க ஆதாரம் இருக்காது. பங்கேற்புச் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்புவார்களா, நேரில் வாங்க வேண்டுமா என்று முதல் நாளே பதிவு மேசையில் கேட்டுவிடுங்கள்; கடைசி நாள் மதியம் அந்த மேசையே அங்கே இல்லாமல் போகலாம்.