மலையேறிய பீர் ஆலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிம்லா போகும் வழியிலுள்ள கசௌலி, சோலன் ஊர்களைப் பற்றிய பயணக் குறிப்பில், அங்கே ஆங்கிலேயர் காலத்துப் பீர் ஆலை ஒன்று இருந்தது என்று நாலு வரி வந்தது. மலை, பனி, பொம்மை ரயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த நாலு வரியைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன.

கசௌலி ஆலை தொடங்கியது 1820 என்று ஒரு இடத்திலும் 1855 என்று இன்னொரு இடத்திலும் படித்தேன். எது சரி? (விருதுநகர் வாசகர்)

1855-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கசௌலியில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைந்ததே 1842-இல்தான். குடிக்க ஆளில்லாத மேட்டில் அதற்கு 22 ஆண்டு முன்பே யார் பீர் காய்ச்சியிருப்பார்கள்? இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆலையைத் தொடங்கிய எட்வர்ட் டையரின் மகன் ரெஜினால்ட் பிறந்தது 1864-இல். 1820-இல் தந்தை ஆலை திறந்திருந்தால், மகன் பிறக்கும்போது அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பழைய ஆண்டு எண் விற்பனைக்கு உதவும் என்பதால் இப்படிப்பட்ட எண்கள் சாவதில்லை.

1887-இல் எச்.ஜி. மீக்கின் என்பவர் டையரிடமிருந்து சிம்லா, கசௌலி ஆலைகளை வாங்கினார். இங்கிலாந்தில் பீருக்குப் பெயர்போன பர்ட்டன் ஊர்க் குடும்பத்துக்காரர். பின்னர் இரண்டு பெயரும் சேர்ந்து ‘டையர் மீக்கின்’ ஆனது. 1949-இல் நரேந்திர நாத் மோகன் கைக்கு வந்தது. 1960-களில் ‘மோகன் மீக்கின்’ என்று பெயர் மாறியது.

டையர் என்றால் ஜாலியன்வாலா பாக் டையரா? (தஞ்சாவூர் வாசகர்)

அவருடைய அப்பா. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் சுடச்சொன்ன ரெஜினால்ட் டையர், இன்று பாகிஸ்தானிலுள்ள முர்ரீ மலையூரில் பிறந்தவர். அங்கேயும் அப்பா பீர் ஆலையில்தான் இருந்தார்.

சமவெளியில் இடமா இல்லை? பீப்பாய்களை மாட்டுவண்டியில் இறக்க வேண்டிய மலைமேல் போய் ஏன் ஆலை கட்டினார்கள்? (சேலம் வாசகர்)

குளிருக்காக. பீரில் சூடு எங்கே குறுக்கே வரும் என்று பார்த்தால் விளங்கும்.

மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புக் கஷாயத்தை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுவார்கள். கொதித்து முடிந்ததும் அதை 15 – 18 டிகிரி செல்சியஸுக்கு இறக்கியாக வேண்டும். அதன் பிறகுதான் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரைச் சேர்க்கலாம். அந்தக் காலத்தில் இதற்கு இருந்த வழி, ஒரு சாண் ஆழம்கூட இல்லாத அகலமான தொட்டியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, இரவுக் காற்றில் ஆறவிடுவது. மலையில் விடிவதற்குள் ஆறிவிடும். சமவெளியிலுள்ள அம்பாலாவில் மே மாதம் நள்ளிரவிலும் 30 டிகிரி இருந்தால் கஷாயம் அதற்குக் கீழே இறங்காது. இளஞ்சூட்டில் இனிப்பு நீர் மணிக்கணக்காகத் திறந்து கிடந்தால், பாலைத் தயிராக்கும் வகைக் கிருமிகள் ஈஸ்டை முந்திக்கொண்டு இறங்கிவிடும். காலையில் கிடைப்பது புளித்த நீர்.

தப்பிப் பிழைத்தாலும் அடுத்த கண்டம் காத்திருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும். குளிர்விக்காமல் விட்ட தொட்டி, தொடங்கிய நிலையிலிருந்து 6, 7 டிகிரி ஏறுவது சாதாரணம். 15-இல் தொடங்கினால் 21, 22-இல் நிற்கும். மிதமான சூட்டில் புளிக்கும் ஏல் வகை பீருக்கு அது பொருந்தும். 28-இல் தொடங்கினால் 35. அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். குவளையை மூக்கருகே கொண்டுபோனாலே வார்னிஷ் வாடை அடிக்கும். மறுநாள் தலைவலி தனி.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பீர் சூயஸ் கால்வாய்க்கு முன்பு ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் ஆடி வந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. மலை முகாம்களில் வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருந்தார்கள்: வெள்ளைச் சிப்பாய்கள். கசௌலியில் பிறந்த ‘லயன்’ பீர் அவர்களை நம்பித்தான் வந்தது.

அப்படியானால் கசௌலியை விட்டுச் சோலனுக்கு ஏன் போனார்கள்? (பொள்ளாச்சி வாசகர்)

தண்ணீர். கசௌலி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் மலை முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். முகட்டில் பெய்கிற மழை இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். பீர் ஆலையோ தண்ணீரை விழுங்கும். பீப்பாயில் போவது ஒரு லிட்டர் என்றால் பார்லி ஊறவைக்க, தொட்டி கழுவ, பீப்பாய் அலச, ஆறவைக்க என்று அதைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு ஓடிவிடும். ஒரு ஹாக்ஸ்ஹெட் பீப்பாய் 54 கேலன், ஏறக்குறைய 245 லிட்டர். ஒரு பீப்பாயை நிரப்ப 1,200 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். கழுவும் தண்ணீரில் சிக்கனம் பிடித்தால் அடுத்த காய்ச்சல் புளிக்கும். ஆகவே அதில் கை வைக்க முடியாது.

சோலன் சுமார் 1,500 மீட்டர். குளிர் கொஞ்சம் குறைவு. ஆனால் நல்ல ஊற்றுநீர் உண்டு. பீர்த் தளவாடங்கள் அங்கே இறங்கின. கசௌலிக் கட்டடம் விஸ்கி வடிக்கும் ஆலையானது. விஸ்கிக்கு அந்தக் குளிர் வேறு விதத்தில் லாபம். மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும் சாராயம் ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகும். ஸ்காட்லாந்தில் அது 2 சதவீதம் அளவு. பெங்களூரின் வெப்பத்தில் 10-ஐத் தாண்டும். மேலே ஏற ஏறப் பீப்பாயில் மிஞ்சுவது அதிகம்.

மால்ட் என்பது நாம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கிறோமே, அதுதானே? (தர்மபுரி வாசகி)

அதேதான். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க அமிலேஸ் என்ற நொதிகளை உண்டாக்குகிறது; முளைகட்டிய மாவில் கஞ்சி தளதளவென்று நீர்த்து, லேசாக இனிப்பதற்குக் காரணம் அது. குழந்தைக்குச் சளசளவென்று ஊட்ட முடிவதும் அதனால்தான்.

பார்லிக்கு முறை இது. இரண்டு நாள் ஊறவேண்டும், ஆனால் தொடர்ந்து அல்ல: எட்டுப் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்து, தானியத்தை மூச்சுவிட விட்டு, புதுத்தண்ணீர் ஊற்றவேண்டும். மூழ்கியே கிடந்தால் முளைக்காமல் அழுகும். ஈரப்பதம் 45 சதவீதம் வந்ததும் கல்தரையில் நாலு முதல் ஆறு அங்குல கனத்தில் பரப்புவார்கள். ஐந்தாறு நாள், தினம் இரண்டு மூன்று தடவை மரத்துடுப்பால் புரட்ட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி எழும்பும். உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். இங்கேயும் 15 டிகிரிக் குளிர்தான் காவல்.

உமிக்கு அடியில் ஓடும் தளிர் மணியின் முக்கால் நீளம் வந்தவுடன் நிறுத்தவேண்டும். விட்டால் நமக்கு வேண்டிய மாவைச் செடியே தின்றுவிடும். பிறகு சூளையில் முதலில் மிதமான சூட்டில் ஈரத்தை ஓட்டி, கடைசியில் 80 – 85 டிகிரிக்குக் கொண்டுபோய், ஈரம் 4, 5 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்துவார்கள். ஈரமாக இருக்கும்போதே சூட்டை ஏற்றினால் நொதிகள் செத்துவிடும். பதம் பார்க்கப் பல்லில் கடித்தால் போதும்: பொரி போல நொறுங்கி, நாக்கில் சுண்ணாம்புக்கட்டியாக மாவு கரைந்தால் சரி. நுனி கண்ணாடித்துண்டு போல் கடினமாக இருந்தால் அந்தப் பக்கம் முளைப்பு எட்டவில்லை.

கேழ்வரகை விட்டுப் பார்லியைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உமி. பார்லி உமி போரடித்தாலும் மணியை விடாது. வடிக்கும் தொட்டியின் அடியில் அதுவே சல்லடையாகப் படிந்து கஷாயத்தைத் தெளிவாக இறக்கும். உமியில்லாத கேழ்வரகு மாவு களியாகி அடைத்துக்கொள்ளும். (கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உரிமமின்றி வீட்டில் மது காய்ச்சுவது குற்றம்.)

ஹாப்ஸ் பூவை நீலகிரியில் வளர்க்க முடியாதா? (குன்னூர் வாசகர்)

கொடி வளரும், பூ ஏமாற்றும். ஹாப்ஸுக்குக் குளிர் மட்டும் போதாது. கோடையில் 15 மணி நேரப் பகல் வேண்டும். நம் அட்சரேகையில் ஜூனிலும் 13 மணியைத் தாண்டாது.

இன்று சென்னை வெயிலிலேயே பீர் தயாராகிறதே, எப்படி? (ஆவடி வாசகர்)

பனிக்கட்டி இயந்திரம். ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே 1870-களில் மியூனிக் பீர் ஆலைகளுக்காகவே குளிரூட்டும் இயந்திரம் செய்தார். இயந்திரக் குளிர் வந்தபின் மலையின் முதல் லாபம் போய்விட்டது. ஏற்றி இறக்கும் செலவுதான் மிச்சம். முர்ரீ கம்பெனி 1889-இலேயே சமவெளியில் ராவல்பிண்டியில் ஆலை கட்டிவிட்டது. மூடிய பாட்டிலை 60 டிகிரி வெந்நீரில் கால்மணி நேரம் வைத்தெடுக்கும் பாஸ்டர் முறையும் சேர்ந்ததும் கடைத்தட்டில் புளிக்கும் கவலையும் தீர்ந்தது.

தெற்கிலும் இதே திசைதான். 1915-இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகளை ஒன்றாக்கி ‘யுனைடெட் ப்ரூவரீஸ்’ அமைத்தார். அந்த ஐந்தில் நீலகிரி ஆலையும் உண்டு. தலைமையிடம் ஊட்டியல்ல, பெங்களூர்.

சோலனில் இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது? (மதுரை வாசகர்)

கல்கா – சிம்லா ரயிலில் ஏறுங்கள். 1903-இல் திறந்த, இரண்டரை அடி அகலத் தண்டவாளம். சோலன் அருகே ஜன்னல் பக்கம் கவனமாக இருந்தால் ஒரு சின்ன நிலையத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படும்: ‘சோலன் ப்ரூவரி’.